வானம் பார்த்த பூமியில் ஒரு கடல் தொட்டி

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: "எங்க ஊர் போர்த் தண்ணியே உப்புத்தானே, அதையே ஊத்தினா என்ன?" ஊற்றக் கூடாது. நல்ல தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்தும் ஊற்றக் கூடாது. ஏன் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கிலோ கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. பெரும்பங்கு சோடியமும் குளோரைடும்தான் என்றாலும், 2.7 கிராம் சல்பேட்டும் 1.3 கிராம் மக்னீசியமும், தலா 0.4 கிராம் அளவில் கால்சியமும் பொட்டாசியமும் உண்டு. கடல்நீர் உப்பளப் பாத்தியில் காயும்போது இவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. அதை வாரி எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. ஆகவே தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. நம் போர்த் தண்ணீரின் உவர்ப்போ கரிசலும் அடிப்பாறையும் கொடுத்தது. அதில் உப்புகளின் விகிதமே வேறு.

மீனுக்கு இந்த விகிதம் உயிர்ப் பிரச்சினை. கடல்மீனின் உடலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு உப்பு வெளியே இருப்பதால், உடம்பிலுள்ள நீர் செவுள் வழியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் ஓயாமல் கடலைக் குடிக்கிறது. குடித்ததில் மிகுந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வெளியேற்றுகிறது. மக்னீசியத்தையும் சல்பேட்டையும் சிறுநீரகம் கழிக்கிறது. எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோமோ அதையே அது குடித்தாக வேண்டும்.

எனவே ஆர்.ஓ. தண்ணீரும், மீன் கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடல் உப்பும் வாங்குங்கள். முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1¼ அடி அகலம், 1¼ அடி உயரம் போதும். கல்லும் மணலும் போக 75 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ உப்பு வேண்டும். தனி வாளியில் கரைத்து, சிறு பம்பு வைத்து ஒரு நாள் சுழல விட்டு, ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா என்று அளந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கடலிலிருந்தே கேனில் கொண்டுவரலாமே என்பார்கள். திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு மூக்கையூர் அருகேதான் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. நம் மழைத் தண்ணீருக்குத் தெரிந்த வழிதான் அது. கொண்டுவரலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு வரும்போது கரையோர நீரில் உப்பு இறங்கி, சேறு ஏறியிருக்கும். மற்ற நாட்களிலும் மூடி இருட்டில் தெளியவைத்து, அளந்து பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

தண்ணீர் நிரம்பியதும் மீன் வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. கடல்நீரின் கார அமில அளவு (pH) 8.2 அளவில் இருப்பதால், நன்னீரைவிட இங்கே அதன் கொடுமை அதிகம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகிக் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வெறும் தொட்டியில் ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். தண்ணீரை அவ்வப்போது சோதனை மருந்து கலந்து பார்த்து வந்தால், சோதனைக் குழாயில் அம்மோனியாவின் பச்சை நிறம் சில வாரங்களில் மஞ்சளுக்குத் திரும்பும். அதற்குள் நைட்ரைட்டுக்கான குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியிருக்கும். பிறகு அதுவும் வெளிறும். இடையில் மணல்மேல் பழுப்புப் பாசி படரும். பயப்பட வேண்டாம், தானே குறையும். இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் அந்தத் தண்ணீர் உயிர் தாங்கும்.

குடியேறக் கல் வேண்டுமே என்று பவளப்பாறைத் துண்டைத் தேடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பல்லாண்டு காலம் பவளத்தை வெட்டினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. 1986-இல் அது தேசியப் பூங்காவானது. 2001 முதல் பவளங்களும் கடல் குதிரைகளும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யார் விற்றாலும் வாங்குவது குற்றம். வாங்காமலிருப்பதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் அந்த இரண்டு தீவுகள். துளைகள் நிறைந்த பீங்கான் துண்டுகளும் நன்கு கழுவிய மண்சட்டி ஓடுகளும் பாக்டீரியாவுக்குப் போதும்.

அடுத்தது வெயில். தொட்டி 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சித்திரையில் வெளியே 40. இங்கே கரிசல் காட்டின் காய்ந்த காற்று நமக்குத் துணை. ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால், ஒரு லிட்டர் ஆவியாகும்போது 75 லிட்டரை 7 டிகிரிக்குமேல் குளிர்விக்கும் அளவு வெப்பத்தை எடுத்துச் செல்லும். சென்னையின் புழுக்கத்தில் இது இவ்வளவு எளிதில் நடக்காது. ஆனால் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, தினமும் அதுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு ஒயர் வழியே சுவிட்சுக்கு ஏறாதபடி, ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். மின்தடை இன்னொரு அபாயம். சூடான உப்பு நீரில் ஆக்ஸிஜன் குறைவு, மோட்டார் நின்றால் மீன் வெகுநேரம் தாங்காது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கட்டாயம்.

மீன்? ஒரு ஜோடி கோமாளி மீன், போதும். கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்தது வேண்டும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சு தூள்தீனிக்குப் பழகியிருக்கும், கடலில் இந்த மீன் அண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாமலே வாழும்.

கோமாளிக் குஞ்சு எல்லாமே ஆணாகத்தான் வளரும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே சிறியதும் பெரியதுமாக வாங்கினால் ஜோடி அமைவது எளிது. நன்றாக இருந்தால் ஒருநாள் சட்டி ஓட்டில் ஆரஞ்சு நிற முட்டைகள் ஒட்டியிருக்கும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். ஒரு வாரம் போல ஆனதும், இருட்டிய பிறகு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் அளவான இரை. அதை முன்கூட்டியே தனித் தொட்டியில் வளர்த்து வைத்திருந்தால்தான் அவற்றைக் காப்பாற்ற முடியும்.