வெளிநாடு செல்லும் ஓய்வூதியர்கள் கவனிக்க வேண்டியவை

மாதக் கணக்கில் மளிகை வாங்கி, பென்ஷன் வந்ததும் பாக்கியைத் தீர்த்துவிடும் ஓய்வூதியர்கள் நம் கடைகளின் நம்பிக்கையான வாடிக்கையாளர்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்தவர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைத்து பி.எஃப். ஓய்வூதியம் பெறுவோர் எனத் திருவள்ளூர் மாவட்டத்தில் இவர்கள் ஏராளம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பிள்ளைகளிடம் சென்று ஐந்தாறு மாதம் தங்கி வருவது இப்போது சகஜமாகிவிட்டது. அந்த நேரத்தில் பென்ஷன் நின்றுபோனால், அதை நம்பி ஊரில் இருக்கும் குடும்பமும் திண்டாடும். நம் கணக்கு நோட்டிலும் பாக்கி ஏறும்.

வெளிநாடு சென்றால் பென்ஷன் ரத்தாகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழ் தவறினால்தான் பென்ஷன் நிற்கும்.

எப்போது தர வேண்டும்?

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு, தாம் ஓய்வு பெற்ற மாதமே ஆண்டு நேர்காணலுக்குரிய மாதம். 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் பி.எஃப். ஓய்வூதியம் பெறுவோர் எந்த மாதத்திலும் தரலாம். தந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். எனவே ஆலைத் தொழிலாளியாக இருந்தவர் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் தந்துவிட்டால், ஓராண்டு நிம்மதி. மற்ற இரு பிரிவினரும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தமக்குரிய மாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் கிளம்பி மார்ச்சில் திரும்பும் மத்திய அரசு ஓய்வூதியர், நவம்பரில் அங்கிருந்தே சான்று தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

அங்கிருந்து தருவது எப்படி?

வழி இரண்டு உண்டு. இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரக அதிகாரியிடம் நேரில் சென்று சான்றிதழில் கையொப்பம் பெற்று, பென்ஷன் வழங்கும் வங்கிக்கோ கருவூலத்துக்கோ தபாலில் அனுப்பலாம். மற்றொன்று, 2014 நவம்பரில் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' முறை. 2021 முதல் கைரேகைக் கருவி இல்லாமல், கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பதிவு செய்ய முடிகிறது. இதற்கு ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் எண்ணுக்கு ரீசார்ஜ் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுக்குப்பின் கிடைக்கும் பிரமாண் எண்ணைக் குறித்து வைப்பதும் அவசியம். மறுமணம் செய்துகொண்டவர்களுக்கும், ஓய்வுக்குப்பின் மீண்டும் பணியில் சேர்ந்தவர்களுக்கும் இம்முறை பொருந்தாது.

பிள்ளைகளுடன் அங்கேயே நிலையாகத் தங்கிவிடுவோர், தம் வங்கிக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பென்ஷன் அதில் வரவாகும். வரி போக மீதியை வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. சில மாதப் பயணத்துக்கு இது தேவையில்லை.

சான்று தவறி பென்ஷன் நின்றாலும் பணம் போய்விடாது. சான்று தந்தபின் நிலுவையோடு கிடைக்கும். ஆனால் அதுவரை மருந்துக்கும் அரிசிக்கும் கடன்தான்.

வெளிநாடு கிளம்புவோர் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்துச் செல்வது ஆபத்து. வாழ்நாள் சான்றைப் புதுப்பிக்கிறோம் என்று போனில் ஓ.டி.பி. கேட்பவர்கள் மோசடிக்காரர்கள், வங்கி அப்படிக் கேட்பதில்லை.

"பையனிடம் போகிறேன், கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொள்ள வரும் பெரியவரிடம், "சான்று கொடுத்துவிட்டீர்களா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். நமக்குச் செலவில்லை, அவருக்குப் பல மாத அலைச்சல் மிச்சம்.