முதல் இரவுக்கு ஒரு கூரை

வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலத்திலிருந்தும், கோழிப்பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல்லிலிருந்தும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளின் ஊராகிய திருச்செங்கோட்டிலிருந்தும் நம் பிள்ளைகள் இன்று இலண்டனுக்கும் பெர்லினுக்கும் கல்வி நாடிச் செல்கின்றனர். கல்லூரியில் இடம் பெறவும் விசா பெறவும் மாதக்கணக்கில் அலையும் பெற்றோர், சென்றிறங்கும் இரவில் பிள்ளை எங்கே தலைசாய்ப்பான் என்பதை விமானச் சீட்டு வாங்கிய பின்னரே எண்ணிப் பார்க்கின்றனர்.

அங்கு வீடு பிடிப்பது எளிதன்று. இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் பலர், அந்நாட்டிலேயே வாழும் ஒருவரை ஜாமீன் காட்டச் சொல்வர். நேற்று வந்திறங்கிய நாமக்கல் பிள்ளைக்கு ஜாமீன் நிற்பார் யார்? இந்தத் தவிப்பை அறிந்தே மோசடிக்காரர் வலை விரிக்கின்றனர். அழகிய அறையொன்றின் படத்தைக் காட்டி, இன்றே முன்பணம் அனுப்பாவிடில் வேறொருவருக்குப் போய்விடும் என்பர். பணம் அனுப்பிய பிறகு பார்த்தால், அந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இராது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? தவணைக் கடனை எழுதி வைத்து, சாட்சிகளையும் ஏற்படுத்திக் கொள்வதைப் பற்றியது. எழுத்துக் கேட்பதால் எவரையும் அவமதித்ததாகாது. இங்கிலாந்தில் 2019 முதல், ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைவான வீட்டிற்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்கியதை 30 நாள்களுக்குள் அரசு ஏற்ற காப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் உச்சவரம்பு, வெப்பமூட்டும் செலவு முதலியன நீங்கலான மூன்று மாத வாடகை. அதனையும் மூன்று தவணைகளாகச் செலுத்தலாம். குடிபுகுந்த இரு வாரங்களுக்குள் முகவரியைப் பதியவும் வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சான்று தேவை. ஆகவே முதற்சில வாரங்களைப் பல்கலைக்கழக விடுதியிலோ தெரிந்தவர் இல்லத்திலோ கழித்து, வீட்டை நேரில் கண்ட பின் பணம் கொடுப்பதே நலம்.

நிறம் பார்த்துக் கதவடைத்த காலமும் அங்கு உண்டு. 1965-இல் பிரிட்டன் இயற்றிய இன உறவுச் சட்டம், நிறம் பார்த்து வீட்டை வாடகைக்கு விட மறுப்பதைப் பொதுவாகத் தடுக்கவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டமே அந்தக் குறையை நீக்கிற்று.

இதைப் படித்து நாம் வெகுண்டெழுவது இயல்பே. ஆனால் நம் தெருவுக்கும் சற்று வருவோமா? கல்லூரிகள் பெருகிய இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களுக்கு வெளி மாநிலப் பிள்ளைகளும் வருகின்றனர். மாடி காலியாக இருந்தும், மொழியையும் முகத்தையும் பார்த்து "ஆள் வந்துவிட்டது" என்று சொல்லி அனுப்புவோர் நம்மிடையே இல்லையா? வேறு தெருக்களில் நம் பெயரைக் கேட்டதும் வீடு மறுக்கப்படும்போது கசந்து கொள்ளும் நாமே அதைச் செய்கிறோம். தமிழகத்தில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. எத்தனை வீட்டுக்காரர் அதைப் பொருட்படுத்துகின்றனர்? ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் ஒருவராகத் திருமறை (9:60) கூறும் வழிப்போக்கரை, பேருந்து நிலையத்தில் கையேந்துபவர் என்று மட்டுமே நாம் புரிந்து வைத்திருக்கிறோம்.

622-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அவர்களின் ஒட்டகம் அநாதைச் சிறுவர் இருவருக்கு உரிய வெற்றிடத்தில் மண்டியிட்டது. இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுத்தே அவ்விடத்தை வாங்கிப் பள்ளிவாசல் எழுப்பினார்கள். அதுவரை அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். ஓரிரவு மாடியில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட, கீழே ஒரு துளியும் சொட்டலாகாதே என்று பதறிய அபூ அய்யூபும் அவர்தம் துணைவியாரும், தமக்கிருந்த ஒரே போர்வையால் அந்நீரை ஒற்றியெடுத்தனர்.

பள்ளிவாசல் எழுந்த பின், வீடற்றோரும் கல்வி நாடி வந்தோரும் அதன் ஓரத்துத் திண்ணையில் தங்கினர். மதீனத்து மக்கள் அவர்களைத் தம் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று உணவளித்தனர். நபிமொழிகளை வேறெவரினும் மிகுதியாக அறிவித்துள்ள அபூஹுரைரா (ரலி) அவர்கள், யமன் நாட்டிலிருந்து வந்து அத்திண்ணையில் தங்கியவரே.