கலைஞனின் குரல் யாருடைய சொத்து?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம், குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். 18-ஆம் நூற்றாண்டில், அந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. அரசன் மனமுவந்தால் நிலம், இல்லையேல் வறுமை என்பதே அந்நாளில் புலவனின் கதி. குடியரசில் கலைஞன் எவர் தயவையும் நாடி நிற்க வேண்டியதில்லை. அவனுக்குச் சட்டம் உண்டு. ஆனால் அவன் அறியாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இன்று நம் ஜில்லாவின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் முழங்குமிடமெல்லாம் ஒளிப்பதிவுக் கருவியும் நிற்கிறது. பதிவு யூடியூபில் ஏறுகிறது. விளம்பர வருமானம் பிறர் கைக்குப் போகலாம். பாடியவருக்கோ அன்றைய கூலியோடு சரி. இதனினும் பெரிய அபாயம் ஒன்று வந்திருக்கிறது. பதிவான குரலைக் கற்றுக்கொண்டு, அவர் பாடாத பாட்டை அவர் குரலிலேயே பாடும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் வந்துவிட்டது. கண்ணிற் கவசம் மாட்டிக் காணும் மெய்நிகர்க் காட்சியில், அவர் உருவமே அவரில்லாமல் ஆடக்கூடும்.

புதிய சாதனம் பழைய உரிமையை விழுங்குவது நமக்குப் புதிதன்று. சிறையினின்று மீண்ட பாரதியார் 1918 முதல் 1920 வரை நம் கடையத்தில் வாழ்ந்தார், 1921-ல் மறைந்தார். தமிழ்ப் பேசும் படம் பிறந்ததோ 1931-ல். அவர் கண்ணால் காணாத அச்சாதனத்தில் அவர் பாட்டைப் பாடும் உரிமை தனிச் சொத்தாகி, வியாபாரிகளிடையே கைமாறி, இறுதியில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் வசமிருந்தது. தேசத்தின் குரல் தேசத்துக்கே உரியதென ஜனங்கள் கிளர்ச்சி செய்த பின்னரே, 1949-ல் சென்னை மாகாண அரசாங்கம் உரிமையை ஏற்றது. பாரதிக்காக நாடே எழுந்தது. ஒரு வில்லிசைக் கலைஞருக்காக யார் எழுவார்?

சட்டம் கைவிட்டுவிடவில்லை. படத்துக்கென எழுதிய பாட்டிலும் இசையிலும் தயாரிப்பாளர் கையையே ஓங்கவைத்த சுப்ரீம் கோர்ட்டின் 1977-ஆம் வருஷத் தீர்ப்பின் கடுமையை, 2012-ஆம் வருஷத் திருத்தம் பெரிதும் தளர்த்திற்று. ஒப்பந்தம் எழுதிய நாளில் இல்லாத அல்லது வியாபார வழக்கில் வராத சாதனத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தாலன்றி, உரிமை மாறாது. எழுத்தும் கையொப்பமும் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்காவிடில் 5 வருஷம். எல்லை குறிக்காவிடில் இந்தியா மட்டும். மேடைக் கலைஞருக்கும் தம் நிகழ்ச்சியின் பதிவில் 50 வருஷ உரிமை உண்டு.

பெயரும் குரலும் களவாடப்பட்டபோது நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. 2015-ல் நடிகர் ரஜினிகாந்த் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும், குரலைப் போலி செய்த யந்திரங்களுக்கு எதிராக 2024-ல் பாடகர் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றமும் தடை விதித்தன. அதே 2024-ல் லால் சலாம் படத்தில் மறைந்த இரு பாடகரின் குரலை யந்திரத்தால் எழுப்பிய ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தாரின் சம்மதம் பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். முறை இருக்கிறது; அது பிரபலஸ்தருக்கு மட்டும் உரித்தாயிருப்பதே குறை.

பதிவே கூடாதென்பது நம் வாதமன்று. மறைந்துவரும் கலையைப் பதிவு காக்கும். அயல்நாட்டுத் தமிழர்க்கும் கொண்டு சேர்க்கும். ஆனால் "இன்றுள்ளதும் இனி வருவதுமான எல்லா முறைகளிலும், உலகெங்கும், என்றென்றைக்கும்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஷரத்தின் கீழ், கலைஞன் பொருளறியாமல் ஒப்பமிடுவது அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பதேயாகும். எந்தச் சாதனம், எத்தனை காலம், வருமானத்தில் என்ன பங்கு, தகராறு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்டு என்பவை தெளிவாக எழுதப்பட வேண்டும். குரலையும் உருவையும் யந்திரத்துக்குப் பயிற்றத் தனிச் சம்மதமும் தனி ஊதியமும் வேண்டும்.

இது வக்கீல்களின் கடமை மட்டுமன்று. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டுமென ஒவ்வொரு கலைஞர் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றட்டும். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் ஜாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு அவர்களை அழைத்துச் செல்லும் வேலையைத் தேசத் தொண்டர்கள் மேற்கொள்ளட்டும். கொடைக் காலம் தொடங்குமுன் ஊருக்கு ஒரு கூட்டம் கூட்டி, கையொப்பமிடுமுன் படித்துக் கேளுங்கள் என்று சொன்னாலே பாதி அநீதி ஒழியும்.