அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

கண்ணாடிச் சாமான் வாங்கக் கடைக்குப் போனால் கையில் தூக்கிப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், விளிம்பில் விரலை ஓட்டுவோம். இணையத்தில் பழைய சாமான் வாங்கும்போது இந்த மூன்றுக்கும் வழியில்லை. ஸ்வீடனின் டிராடெரா, பின்லாந்தின் தோரி, டென்மார்க்கின் டிபிஏ போன்ற தளங்களில் வீடுகளில் புழங்கிய நார்டிக் கண்ணாடி தொடர்ந்து விலைக்கு வருகிறது. நம் கையில் இருப்பதோ விற்பவர் எடுத்துப்போட்ட நாலைந்து படங்கள். ஆனாலும் ஒரு கண்ணாடி எப்படிச் செய்யப்பட்டது என்பது அதன் உடம்பிலேயே பதிந்திருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்கு அந்தப் படங்களே நிறையச் சொல்லிவிடும்.

இந்தச் சந்தையில் குழப்பம் போலிகளால் மட்டும் வருவதில்லை, அசலாலும் வருகிறது. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1936-இல் ஒரு போட்டிக்காக வரைந்த அலை வளைவுப் பூச்சாடி, 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. ஹெல்சிங்கியின் சவாய் உணவகத்துக்கும் போய், அந்தப் பெயராலேயே அறியப்பட்டது. அதே சாடியைப் பின்லாந்தின் ஈட்டலா நிறுவனம் இன்றும் விற்கிறது. ஆக, 'அசல் ஆல்ட்டோ' என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. அது எந்தக் காலத்துச் சாடி என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

அதைச் சொல்வது அச்சு. ஆரம்பகாலச் சாடிகளை மர அச்சுக்குள் ஊதினார்கள். நனைந்த மரத்தில் பழுக்கக் காய்ந்த கண்ணாடி பட்டதும் நீர் ஆவியாகி இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். மரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அதனால் சுவர்களில் லேசான நெளிவு இருக்கும், ஒன்றைப் போல் இன்னொன்று அச்சு அசலாக வராது. 1950-களில் வார்ப்பிரும்பு அச்சு வந்தபின் சாடிகள் ஒரே சீராகிவிட்டன. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டு வாங்கினால் அந்த நெளிவு தெரியும். மரம் கருகுவதையே அழகாக்கியவர் வடிவமைப்பாளர் டிமோ சர்ப்பனேவா. 1964-இல் அவர் உருவாக்கிய 'பின்லாந்தியா' வரிசையில், கருகிய மரத்தின் சொரசொரப்பு அப்படியே கண்ணாடியின் மேல் பதிந்தது.

உருகிய கண்ணாடியை உலோக அச்சில் ஊற்றி அழுத்திச் செய்வது இன்னொரு முறை. அச்சுத் துண்டுகள் சேரும் இடம் பொருளில் மெல்லிய கோடாக விழும். ஓய்வா டொய்க்கா 1964-இல் வடிவமைத்த 'காஸ்டெஹெல்மி' தட்டுகளில் வரிசை வரிசையாக இருக்கும் பனித்துளிப் புள்ளிகள் அந்தக் கோட்டை மறைக்க வைத்தவைதான். ஆகவே கோடு இருப்பது குறையல்ல. 'அச்சே இல்லாமல் கையால் ஊதியது' என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் கோடு ஓடினால்தான் யோசிக்க வேண்டும்.

அதிகம் பேசுவது அடிப்பக்கம். ஊதிய கண்ணாடியை வாய் திருத்துவதற்காக ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் ஒட்டிப் பிடிப்பார்கள். உடைத்து எடுத்தபின் அடியின் நடுவில் வடு நிற்கும். சில பொருள்களில் அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். வடிவமைத்தவரின் கையெழுத்து இருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். டென்மார்க்கின் ஹோல்மெகோர் தொழிற்சாலையில் 1942 முதல் வடிவமைப்பாளராகப் பணியாற்றிய பேர் லூட்கெனின் கிண்ணங்கள் பலவற்றில், அவர் பெயரின் முதலெழுத்துகளுக்கு இந்தப் பக்கம் 19, அந்தப் பக்கம் 59 என்று ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கீறியிருப்பார்கள். ஈட்டலாவின் சிவப்பு வட்டச் சின்னம் 1956-இல் சர்ப்பனேவா வரைந்தது. அந்தச் சின்னம் போட்ட ஒட்டி இருக்கும் சாடியை 1940-களைச் சேர்ந்தது என்று ஒருவர் சொன்னால் ஏதோ பொருந்தவில்லை. ஒட்டியைப் பிய்த்து வேறொன்றில் ஒட்டவும் முடியும். பல வருடம் புழங்கிய அடியில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். ஒரே திசையில் சீராக இருந்தால் உப்புத்தாளின் வேலையாக இருக்கலாம்.

அடுத்தது மங்கல். டாப்பியோ விர்க்கலாவின் 'உல்டிமா தூலே' குவளைகள் லாப்லாந்தில் உருகும் பனியை நினைத்து வடித்தவை. புழங்குவதற்கென்றே செய்தவை என்பதால் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் போய் வந்திருக்க வாய்ப்புண்டு. உப்புநீர்க் கறை படிந்திருந்தால் வினிகரில் போய்விடும். ஆனால் சூடும் காரச் சோப்பும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்திருந்தால் கழுவிப் போக்க முடியாது. அந்த மங்கல் ஈரத்தில் மறையும், காய்ந்ததும் திரும்பி வரும். தண்ணீரும் பூவும் வைத்து எடுத்த அழகான படத்தை நம்ப வேண்டாம். காய்ந்த கண்ணாடியைக் கறுப்புத் துணி மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

உயரத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். விளிம்பு உடைந்ததைத் தேய்த்து மறைத்திருந்தால், பழைய விலைப்பட்டியல் சொல்லும் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறையும்.

அடி, விளிம்பு, கறுப்புத் துணி என்று மூன்று படம் கேட்டால் நேர்மையான விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். தர மறுத்தால் விட்டுவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை சாதாரண வீடுகளின் மேசைக்காகத் தொழிற்சாலைகள் செய்து குவித்தவை. இதே குவளையை வேறொருவர் விற்க வருவார்.