கையறுநிலையும் ஆங்கில இரங்கற்பாவும்: தருமபுரி மகளிர் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியக் கல்வி

திறவுச்சொற்கள்: தகடூர், ஔவையார், கையறுநிலை, இரங்கற்பா, மகளிர் கல்வி

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது இம்மாவட்டத்தின் அளவு 68.5 விழுக்காடே. இம்மண்ணின் மகளிர் கல்லூரிகளில் இளங்கலை ஆங்கில இலக்கியம் பயில வரும் மாணவியருள் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பெற்றோரும், தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினரும் பலர். இவர்களின் தமிழறிவு ஆங்கில இலக்கியக் கல்விக்குத் தடையா, துணையா என்பதை இரங்கற்பாவை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பாடத்திட்ட அமைப்பு

ஆங்கில இலக்கியம் ஒரு பாடத்துறையாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்னரே காலனிய இந்தியாவில் வேரூன்றியதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். இன்றைய தமிழக இளங்கலைப் படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்கள் என அமைகின்றன. எனவே ஒரே மாணவி சங்கப் பாடலையும் மில்டனையும் அடுத்தடுத்த பாடவேளைகளில் கற்க நேர்கிறது. எனினும் இரண்டும் தனித்தனியே கற்பிக்கப்படுவதால் ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

இரு புலம்பல்கள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவுக்கு இரங்கி ஔவையார் பாடியது புறநானூற்றின் 235ஆம் பாடல். பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையைச் சார்ந்த இப்பாடல், கள்ளையும் சோற்றையும் பகிர்ந்துண்ட மன்னனை நினைவுகூர்கிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரவலர் கையையும் புலவர் நாவையும் துளைத்ததாக விரிகிறது. பாடலும் கொடையும் ஒருங்கே அற்ற வெறுமையில் முடிகிறது.

மில்டனின் ‘லிசிடஸ்’ 1637இல் கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங் என்னும் கல்லூரித் தோழருக்காக இயற்றப்பட்டது. இறந்தவரும் பாடுபவரும் அதில் ஆயர்களாக உருவகிக்கப்படுகின்றனர். கல்லூரியில் பயின்றவர் ஏன் ஆயராக வேண்டும் என்னும் ஐயம் மாணவிக்கு எழுவது இயல்பு. திணை, துறை என்னும் மரபை அறிந்தவர்க்கு இவ்வையம் எளிதில் தீரும். வாழ்க்கைக் குறிப்பைக் கடந்து, மரபு வகுத்த புனைவுக்களத்தில் கவிதை இயங்குகிறது என்பதை அவர் முன்பே கற்றிருக்கிறார். வேறுபாடும் உடனே புலப்படும். மில்டனின் பாடல் சமய நம்பிக்கையால் ஆறுதல் பெற்றுப் புதிய மேய்ச்சல் நிலம் நோக்கி நகர்கிறது. ஔவையார் பாடலிலோ ஆறுதலுக்கு இடமில்லை. செயலற்றுப்போன அந்நிலையே துறையின் பெயராகவும் அமைந்துள்ளது.

மொழிபெயர்ப்பு தரும் உரிமை

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1999இல் வெளியிட்டனர். இம்மொழிபெயர்ப்பை மூலத்துடன் ஒப்பிடும் வகுப்பில் மாணவியின் நிலை மாறுகிறது. பிற ஆங்கிலப் பாடங்களில் பொருளுக்கு ஆசிரியரையோ வழிகாட்டி நூலையோ நம்பியிருப்பவர், இங்கு மொழிபெயர்ப்பாளரின் சொற்தேர்வை மதிப்பிடும் தகுதி பெறுகிறார்.

முடிவுரை

அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. கல்லூரிக்குள் நுழைய இத்தகைய உதவி துணைசெய்கிறது. நுழைந்தபின் தமிழறிவைக் குறையாகக் கருதும் வகுப்பறை, அம்மாணவி கொண்டுவந்த கருவியையே பறித்துவிடுகிறது. தகடூர்ப் புலம்பலை மில்டனுக்கு அருகே வைத்துக் கற்பிப்பது, புதிய பாடத்திட்டத்தை வேண்டாமலே அக்கருவியை அவரிடம் மீட்டளிக்கும் வழியாகும்.