பெயரைப் பார்ப்பதா, பிறந்த ஆண்டைப் பார்ப்பதா?
குடும்பத்திற்குக் கார் வாங்க எண்ணும் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள்

மோட்டார் கார் என்பது ஒரு காலத்தில் பெரிய மிராசுதாரர் வீட்டு வாசலிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் மட்டுமே காணக்கூடிய பொருளாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நமது அங்கத்தினர்களில், நெல்லும் கரும்பும் பயிரிடுவோர் இல்லத்திலும், தறியை நம்பி வாழ்வோர் இல்லத்திலும், “ஒரு கார் வாங்கினால் என்ன?” என்ற பேச்சு எழுந்து வருகிறது. வயது முதிர்ந்த தாய் தந்தையரை நள்ளிரவில் ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தவர்கள் இந்த ஆசையை ஆடம்பரம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

ஆயினும், நிலமும் வீடும் நீங்கலாக ஒரு குடும்பம் செலவிடும் பெருந்தொகை இதுவே. எனவே, எந்த வண்டி, புதியதா பழையதா, எந்த ஆண்டினது என்பவற்றை நிதானமாக ஆராய வேண்டுவது அவசியம்.

சிறிய எஸ்.யூ.வி. என்பது யாது?

நம் ஊர்ச் சாலைகளில் இப்பொழுது அதிகம் தென்படுபவை, காரைவிடச் சற்று உயர்ந்து நிற்கும் சிறிய எஸ்.யூ.வி. வகை வண்டிகளாம். மாருதி பிரெஸ்ஸா, டாட்டா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் ஆகியவையும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உற்பத்தியாகும் நிஸான் மேக்னைட், ரெனோ கைகர் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். வாய்க்கால் கரையோரப் பாதையிலும் வேகத்தடைகளிலும் அடி தட்டாமல் செல்வதற்கும், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குனியாமல் ஏறி அமர்வதற்கும் இவ்வுயரம் உதவுகிறது.

நீளம் நான்கு மீட்டருக்குள் இருப்பதற்கு வரி விதிப்பே முக்கிய காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1200 சி.சி.க்கும் டீசலானால் 1500 சி.சி.க்கும் மேற்படாத இன்ஜினும் உடைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவ்வரம்பைத் தாண்டியவற்றிற்கு 40 சதவீதம். நெக்ஸான் பெட்ரோல் வண்டியின் இன்ஜின் 1199 சி.சி. ஆகையால் அது குறைந்த வரியில் அடங்கும். பிரெஸ்ஸாவின் நீளம் வரம்பிற்குள் இருந்தாலும் அதன் பெட்ரோல் இன்ஜின் 1462 சி.சி. ஆகையால் அது 40 சதவீத வரிக்கு உட்பட்டது.

பழைய வண்டி வாங்குவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வரி குறையுமுன் வாங்கியவர், தாம் கொடுத்த பழைய விலையை மனத்தில் வைத்தே பேரம் பேசுவார். அதே வண்டி இன்று கடையில் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அதிலிருந்து கழித்துப் பேசுவதே நியாயமான முறை.

ஒரே பெயர், வெவ்வேறு வண்டி

நெல் விதை வாங்கும்போது ‘பொன்னி’ என்ற பெயர் ஒன்றைமட்டும் கேட்டு நாம் திருப்தியடைவதில்லை; எந்த ரகம், எந்த ஆண்டு விதை என்றும் கேட்கிறோம். கார் விஷயத்திலோ பலர் பெயரைக் கேட்டவுடன் மயங்கிவிடுகின்றனர். பெயர் மாறாதிருக்க, வண்டி மாறிவிடுகிறது என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தி.

பிரெஸ்ஸாவையே எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச்சில் ‘விட்டாரா பிரெஸ்ஸா’ என்ற பெயரில் வந்தபோது அதில் 1248 சி.சி. டீசல் இன்ஜின் மட்டுமே இருந்தது. 2020-இல் டீசல் நிறுத்தப்பட்டு 1462 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வந்தது. 2022 ஜூனில் ‘விட்டாரா’ என்ற சொல்லும் நீங்கி, புதிய உருவில் அடுத்த தலைமுறை வெளிவந்தது. ஆகவே “பிரெஸ்ஸா விலைக்கு இருக்கிறது” என்று தரகர் சொன்னால், அது மூன்று வேறுபட்ட வண்டிகளில் எது என்று கேட்டறிய வேண்டும்.

நெக்ஸானின் வரலாறு இன்னும் கவனிக்கத்தக்கது. 2017-இல் விற்பனைக்கு வந்த இவ்வண்டியைக் குளோபல் என்.சி.ஏ.பி. என்னும் அமைப்பு 2018 ஆகஸ்டில் மோதல் சோதனை செய்து, பெரியவர்களின் பாதுகாப்பிற்கு 4 நட்சத்திரம் வழங்கியது. பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களால் அதே ஆண்டு டிசம்பரில் 5 நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் விற்கப்படும் கார்களில் அச்சிறப்பை முதலில் அடைந்தது இதுவே. வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லாத இரு வண்டிகளுக்கிடையே சில மாத இடைவெளியில் இவ்வளவு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. உற்பத்தியான மாதமும் ஆண்டும் ஆர்.சி. புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பதிவு செய்த தேதியை மட்டும் பார்த்து ஏமாறாமல் அதனையும் பார்க்க வேண்டும்.

மற்றொரு சான்று போர்டு எக்கோஸ்போர்ட். 2013-இல் விற்பனைக்கு வந்த இவ்வண்டி மறைமலை நகரில் உற்பத்தியானது. 2021 செப்டம்பரில் அக்கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இவ்வண்டியைப் பழையதாக வாங்குவது தவறன்று. ஆனால் வாங்குமுன், அதன் உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்பதைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள மெக்கானிக்குகளிடம் விசாரித்துவிட வேண்டும்.

உயிர் காக்கும் ஆண்டுகள்

பாதுகாப்புச் சட்டங்கள் படிப்படியாக வந்தவை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். ஏற்பாடு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர் பேக் எனப்படும் காற்றுப்பை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. பக்கத்தில் அமர்பவருக்கான காற்றுப்பை, 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், அவ்வாண்டு இறுதியிலிருந்து ஏனைய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஆதலால் 2022-ஆம் ஆண்டும் அதன் பின்னும் உற்பத்தியான வண்டி என்றால் இம்மூன்றும் அதில் இருக்கும். அதற்கு முந்தியதானால் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், அணையாமல் நின்றாலும், விபத்தில் வெடித்த பைக்குப் பதில் வேறு பை பொருத்தாமல் விட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்க இடமுண்டு. சீட் பெல்ட் அணியாதவருக்குக் காற்றுப்பையால் முழுப் பயனில்லை என்பதையும் நினைவில் கொள்க.

பெட்ரோலா, டீசலா?

“டீசல் சிக்கனம்” என்பது நீண்ட நாளாக நிலவும் அபிப்பிராயம். அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி சுமார் 10 கிலோமீட்டர். பாகூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். குடும்பக் காரியங்களுக்கு மட்டும் ஓடும் வண்டி மாதம் 500 கிலோமீட்டர், ஆண்டிற்கு 6,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 400 லிட்டர்; டீசல் வண்டி 20 கிலோமீட்டர் ஓடினால் 300 லிட்டர். கணக்கின் எளிமைக்காகப் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என வைத்தால், செலவு முறையே 40,000 ரூபாயும் 27,000 ரூபாயும் ஆகும். மிச்சம் 13,000 ரூபாய். டீசல் வண்டியின் விலை ஒரு இலட்சம் கூடுதலாக இருப்பின், அத்தொகையை மீட்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும்.

மேலும், 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ்.-6 விதியின் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அவ்வப்போது நீண்ட தூரம் ஓரளவு வேகமாக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். கடைத்தெருவிற்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளக் கூடும். அடிக்கடி சென்னைக்கும் சேலத்திற்கும் செல்வோருக்கே டீசல் ஏற்றது.

பெட்ரோலிலும் ஒரு செய்தி உண்டு. இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் முதல் உற்பத்தியான வண்டிகள் இக்கலவையைத் தாங்கும் பொருள்களால் செய்யப்பட்டவை. அதற்கு முந்திய வண்டியானால், கம்பெனிக் கையேட்டைப் பார்த்து, ரப்பர்க் குழாய்களைச் சோதித்துக்கொள்வது நலம். எத்தனாலின் எரிசக்தி குறைவாதலால் மைலேஜும் சிறிது குறையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலை நாம் மறந்திருக்க முடியாது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் வட்டாரத்து ஊர்களைச் சூழ்ந்தது. சென்னையும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இத்தகைய வெள்ளத்தைக் கண்டது. அவ்வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடும். வெளியே பளபளப்பாக இருந்தாலும், அவற்றின் மின்கம்பிகளும் கருவிகளும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

இதனைக் கண்டறிய எளிய வழிகள் உள. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், அடிப்பகுதியில் சேற்றுக் கறை காணப்படலாம். தரைவிரிப்பைத் தூக்கியும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், இருக்கையின் அடித் திருகுகளிலும் துருவும் வண்டலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிச் சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஈர வாடை வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் பதிவுகளையும் இன்ஷூரன்ஸ் இழப்பீட்டு வரலாற்றையும் கேட்டு வாங்குதல் அவசியம்.

எல்லைக்கு இருபுறமும்

நம் கொம்யூன்களின் நில அமைப்பு விசித்திரமானது. ஒரு வயல் புதுச்சேரியிலும் அடுத்த வயல் கடலூர் அல்லது விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கும். பழைய வண்டி விற்பவரும் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருப்பவரே. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைப் புதுச்சேரியில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி இங்குப் புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்கு 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று தேவை. பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்களும், வண்டியின்மேல் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு 35-ஆம் படிவமும் வேண்டும். இவற்றில் விற்பவர் கையெழுத்து ஆகாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாகாது. இங்குச் செலுத்த வேண்டிய சாலை வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக.

பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கடன், வரி, இன்ஷூரன்ஸ், அபராத நிலுவை ஆகியவற்றை அறியலாம். சொந்த உபயோகத்திற்கெனப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்ட விரோதம்; விபத்து நேரின் இழப்பீடும் சிக்கலாகும். “ஓய்வு நாளில் வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம்” என்ற கணக்கு செல்லாது.

கடனை எண்ணிப் பாருங்கள்

புதிய வண்டிக்கு 8 இலட்சம் ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டிற்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1,96,000 ரூபாய். பழைய வண்டிக்கு 4 இலட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டிற்குப் பெற்றால், தவணை சுமார் 13,300 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 78,000 ரூபாய். வட்டி வீதம் கூடுதலாயினும் மொத்தச் சுமை குறைவு.

நமக்கு வருமானம் மாதந்தோறும் ஒரே சீராக வருவதில்லை. அறுவடைக்குப் பின்னரே பயிரிடுவோர் கையில் பணம் புரளும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆகவே, வருமானம் மிகக் குறைந்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுவே தாங்கத்தக்க தவணை. அதற்குள் அடங்காத வண்டி, எவ்வளவு நல்லதாயினும், நமக்கு உரியதன்று. மாதத்திற்கு ஓரிரு பயணமே உள்ளவர்கள் வாடகைக் காரை அமர்த்திக்கொள்வது எவ்வகையிலும் கௌரவக் குறைவாகாது.

முடிவாகச் சொல்வதானால், பத்து ஆண்டிற்கு மேல் ஒரே வண்டியை வைத்துக்கொள்ளும் எண்ணமும் தவணைக்கு வசதியும் உடையோர் குறைந்த வரிக்குட்பட்ட புதிய பெட்ரோல் வண்டியை வாங்கலாம். ஏனையோருக்கு, 2022-க்குப் பின் உற்பத்தியாகி, ஒரே உரிமையாளரிடம் இருந்து, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள பழைய பெட்ரோல் வண்டியே பொருத்தமானது. முதலில் தவணை, அடுத்து ஆண்டு, பின்பு நீர்க்கறை, அதன்பின் பத்திரங்கள்; நிறமும் பெயரும் கடைசியில். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்து, ஓட்டியும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். துணியை வெளிச்சத்தில் விரித்து இழை எண்ணிப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. வண்டிக்கும் அந்த நிதானம் வேண்டும்.