தமனிச் சுண்ணாம்புக்கு ஒரு மதிப்பெண்

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 150 என்று வருகிறது. மாத்திரை தொடங்குவதா, சாப்பாட்டைக் குறைத்துப் பார்ப்பதா? இதே அளவு உள்ள இருவரில் ஒருவருக்கு ஐம்பதிலேயே மாரடைப்பு வருகிறது. மற்றவர் எண்பதிலும் காலையில் நடக்கப் போகிறார். ஆற்றில் ஓடும் கலங்கலைத்தான் ரத்தப் பரிசோதனை அளக்கிறது. அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948இல் 5,209 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் சேர்த்து, வரும் ஆண்டுகளில் இதயநோய் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு அங்கிருந்து வளர்ந்தது. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு வரும் என்பதை அது ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். அந்த ஆயிரத்தில் யாருக்கு என்று கேட்டால்தான் திணறும்.

தமனியில் சேர்ந்த படிவையே நேராகப் பார்க்க வழி காட்டியவர்களில் முக்கியமானவர் மயாமி மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டன். பின்னாளில் ‘சவுத் பீச்’ உணவுமுறையால் ஊரறியப் புகழ்பெற்றவரும் இவரேதான். தமனிச் சுவரில் உள்ள கொழுப்புப் படிவு நாளாக நாளாகச் சுண்ணாம்பு ஏறி இறுகுகிறது. சி.டி. ஸ்கேனில் அது எலும்பைப் போலவே வெள்ளையாகத் தெரியும். இதயத் துடிப்போடு இசைந்து படமெடுத்தால், ஊசியோ சாயமோ இல்லாமல் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

1990இல் அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட கணக்கு எளிது. 130 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் அடர்த்தியுள்ள ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் சதுர மில்லிமீட்டரில் எடுத்து, அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரையான எண்ணால் பெருக்க வேண்டும். 8 சதுர மில்லிமீட்டர் புள்ளியில் உச்ச அடர்த்தி 250 என்றால் பெருக்கும் எண் 2, மதிப்பு 16. எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் கால்சியம் மதிப்பெண். தேர்வு மதிப்பெண் அல்ல. இங்கே பூஜ்யம் வாங்கியவரே முதல் மாணவர்.

‘மீசா’ என்ற அமெரிக்க ஆய்வு 6,800க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தது. பூஜ்யம் வாங்கியவர்களோடு ஒப்பிட்டால், 101 முதல் 300 வரை பெற்றவர்களுக்கு இதயத் தமனி நோயால் பாதிப்பு வரும் அபாயம் 7.73 மடங்கு, 300ஐத் தாண்டியவர்களுக்கு 9.67 மடங்கு. வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் என நான்கு பிரிவினர் அதில் இருந்தார்கள், தெற்காசியர் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் 2010இல் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் வாழும் தெற்காசியரிடம் ‘மசாலா’ ஆய்வு தொடங்கியது. பெயர் வைத்தவர் நிச்சயம் ரசனைக்காரர்.

இந்தக் கணக்கில் ஒரு கோணல் உண்டு. அடர்த்தி கூடினால் மதிப்பெண்ணும் கூடும். ஆனால் மீசா தரவை 2014இல் அலசியபோது, படிவின் கன அளவு ஒன்றாக இருந்தால் அடர்த்தி மிகுந்தவருக்கே அபாயம் குறைவு என்று தெரிந்தது. நன்றாக இறுகிய படிவு எளிதில் வெடிக்காது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் படிவை இறுக்குவதால், மருந்து வேலை செய்யும்போதே மதிப்பெண் ஏறக்கூடும். மாத்திரை சாப்பிடுபவர் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து, எண் ஏறியதே என்று கவலைப்படுவது வீண்செலவு.

இந்த ஸ்கேன் உண்மையில் உதவுவது இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்கு. பத்தாண்டு அபாயம் 7.5 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்து, மாத்திரை வேண்டுமா என்ற தயக்கம் தீரவில்லையென்றால் இதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறது 2018 அமெரிக்க வழிகாட்டுதல். 100ஐத் தொட்டால் ஸ்டாட்டின். பூஜ்யம் என்றால் தள்ளிப்போடலாம். சர்க்கரை நோயாளிக்கும், புகைபிடிப்பவருக்கும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவருக்கும் இந்தச் சலுகை இல்லை. சுண்ணாம்பு ஏறாத மென்படிவு ஸ்கேனின் கண்ணில் படாது. இளவயதில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.